மங்களூரில் ‘அப்பெ’ என்றால் அம்மா

கொரியன் சீரியல் ஓடுகிற எந்த வீட்டிலும் இது நடந்திருக்கும். திரையில் ஒரு பெண் ‘அப்பா!’ என்று கத்திக்கொண்டே ஓடுவாள். அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் நம் வீட்டு அப்பா ‘என்னம்மா?’ என்று குரல் கொடுப்பார். மறுநாள் காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்ட் வந்து இறங்கும். கொரிய மொழியில் அப்பா என்றால் அப்பா, ‘ஒம்மா’ என்றால் அம்மா, ‘நா’ என்றால் நான், ‘நோ’ என்றால் நீ. ஆகவே கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது. கடைசியில் நான்கு தீப்பொறி எமோஜி.

இந்த ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1905லேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்க மிஷனரி கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கண நூல் எழுதி சியோலில் அச்சடித்தார். அதற்கும் முன்னால் 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த ‘சாம்குக் யூசா’வில் ஒரு கதை உண்டு. கி.பி. 48இல் ‘அயுதா’ என்ற நாட்டிலிருந்து ஓர் இளவரசி கப்பலேறி வந்து காயா நாட்டு மன்னர் சுரோவை மணந்தாளாம். அயுதா என்றால் அயோத்தி என்று வடக்கே ஒரு கட்சி. இல்லை, ஆய் நாடு, கன்னியாகுமரிப் பக்கம் என்று நம்மிடையே ஒரு கட்சி. அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகப் போவதில்லை.

கொரியாவுக்கும் தமிழுக்கும் உறவு உண்டா இல்லையா என்று வாதாடுகிறவர்கள் வாதாடட்டும். ஆனால் அந்தப் பட்டியலில் முதல் இரண்டு வரியை, அப்பாவையும் அம்மாவையும், முதலில் அடித்துவிட வேண்டும். மொழிகளுக்குள் உறவைக் காட்ட இவற்றைவிட லாயக்கற்ற சாட்சி கிடையாது. யாரும் கவனிக்காத ஒரு புல்லின் பெயர், விரல் கணுவின் பெயர், எண்ணுப்பெயர் என்று எதைக் கொண்டுவந்தாலும் கொஞ்சமாவது காது கொடுக்கலாம். அப்பா அம்மாவைக் கொண்டுவந்தால் மட்டும் கதவைச் சாத்திவிட வேண்டியதுதான்.

ஏன் என்று தெரிந்துகொள்ள கொரியா வரை போக வேண்டாம். மங்களூர் வரை போனால் போதும்.

மங்களூர், உடுப்பி, காசர்கோடு வட்டாரத்தில் பேசப்படும் துளு, சந்தேகத்துக்கே இடமில்லாத திராவிட மொழி. தமிழுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அந்தத் துளுவில் தாய்க்கு என்ன சொல் தெரியுமா? அப்பெ. தந்தைக்கு? அம்மெ. அச்சுப் பிழை இல்லை, இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இருவரையும் சேர்த்துச் சொல்லும்போது நாம் ‘அம்மா அப்பா’ என்போம்; துளுக்காரர்கள் ‘அப்பெ அம்மெ’ என்பார்கள். வரிசை ஒன்றுதான், ஆட்கள் ஒன்றுதான், ஒலிகள் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. இப்போது நகரத்துத் துளுப் பிள்ளைகள் பக்கத்து மொழிகளைப் பார்த்து அம்மாவை ‘அம்மா’ என்றே கூப்பிடுகிறார்கள், அது வேறு விஷயம்.

யோசித்துப் பாருங்கள். ஐயாயிரம் கிலோமீட்டர் தாண்டி இருக்கும் கொரியன் நம்மோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறது. மலைத்தொடருக்கு அந்தப்பக்கம் இருக்கும் நம் தங்கை தலைகீழாகப் போகிறாள். சொல் ஒத்துப்போவதுதான் உறவுக்கு அடையாளம் என்றால் கொரியனைச் சேர்த்துக்கொண்டு துளுவைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

துளு தனியாகவும் இல்லை. காக்கசஸ் மலையடிவாரத்தில் ஜார்ஜியா நாட்டில் ‘மாமா’ என்றால் தந்தை. தாய்க்கு ‘தெதா’. வெறும் மழலைச் சொல்லாக இல்லாமல் மொழியின் அடிவரைக்கும் இது இறங்கியிருக்கிறது. ஆண்மகனுக்கு அங்கே ‘மாமாகாத்ஸி’, பாதிரியாரை அழைக்க ‘மாமாவோ’. தலைநகரம் என்பதற்கு அவர்கள் சொல் ‘தெதாகலாகி’, அதாவது தாய்நகரம். 1876இல் யாகோப் கோகெபாஷ்விலி எழுதிய, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் எழுத்துக் கற்ற பாடப்புத்தகத்தின் பெயர் ‘தெதா ஏனா’, தாய்மொழி. திபிலிசி நகரத்துக்கு மேலே குன்றின்மீது 1958இல் வைத்த பெரிய பெண் சிலை ‘கார்த்லிஸ் தெதா’: ஒரு கையில் வாள், வருகிறவன் பகைவனென்றால், மறு கையில் திராட்சை மதுக் கிண்ணம், வருகிறவன் விருந்தாளி என்றால். அந்த ஊரில் தொலைந்துபோன நம் குழந்தை ஒன்று ‘மம்மா’ என்று அழுதால் போலீஸ்காரர் அதன் தகப்பனைத் தேடிக்கொண்டு போவார்.

ஆஸ்திரேலியாவின் நட்டநடுப் பாலைவனத்தில் பிட்ஜன்ட்ஜரா மொழியிலும் ‘மாமா’ தந்தைதான்.

இவையெல்லாம் விதிவிலக்குகள். விதி என்ன என்று 1950களில் ஜார்ஜ் மர்டாக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் எண்ணிப் பார்த்தார். உலகின் பல பாகங்களிலிருந்து தாய்க்கு 531 சொற்கள், தந்தைக்கு 541, ஆகமொத்தம் 1,072 திரட்டினார். ஒரே மூலத்திலிருந்து வந்த சொற்கள் திரும்பத் திரும்ப எண்ணிக்கையில் ஏறிவிடாதபடி கவனமாகத்தான் திரட்டினார். அந்தக் குவியலை வைத்துக்கொண்டு ரோமன் யாகப்ஸன், ஒலியியலில் அவர் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பார்கள், 1959இல் ஒரு கட்டுரை எழுதினார். ஏன் மாமா, ஏன் பாப்பா என்பதே அதன் தலைப்பு. தாயைக் குறிக்கும் சொற்களில் 55 விழுக்காட்டில் ம, ந, ங போன்ற மூக்கொலி இருக்கிறது. தந்தையைக் குறிக்கும் சொற்களில் 15 விழுக்காட்டில்தான். தந்தைப் பக்கம் ப, த கூட்டம் அதிகம். சுவாஹிலியில் மாமா–பாபா, சீனத்தில் மாமா–பாபா, கெச்சுவாவில் மாமா–தைதா, பாஸ்க்கில் அமா–ஐதா, ஹங்கேரியனில் அன்யா–அப்பா, வட துருவத்து இனுயிட்டில் அனானா–அதாதா. ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை, உறவுமில்லை.

காரணம் வாயில் இருக்கிறது. பேச்சுக்கு முந்திய பருவத்தில், சுமார் ஆறேழு மாதத்தில், குழந்தை தாடையை மேலும் கீழும் அசைத்து விளையாட ஆரம்பிக்கும். குரல் ஓடிக்கொண்டிருக்கும்போது வாய் திறந்தால் ‘ஆ’. மூடினால் உதடு ஒட்டும்; ஒட்டித் திறந்தால் ‘ப’. அப்போது மூக்கு வழியாகக் காற்று போனால் அதுவே ‘ம’. நாக்கு நுனி மேலே தொட்டுக்கொண்டிருந்தால் ‘த’ அல்லது ‘ந’. ழகரத்துக்கோ றகரத்துக்கோ வேண்டிய நாக்கு வித்தை எதுவும் இதற்கு வேண்டாம். பீட்டர் மெக்நீலேஜ் என்ற ஆய்வாளர் இதைத் தாடையின் தாளம் என்ற அளவிலேயே விளக்கியிருக்கிறார்: முதலில் தாளம், பிறகுதான் அதற்குள் தனித்தனி எழுத்துகள். ஒரு தடவை செய்தது தானாகவே மறுபடி நடக்கும் என்பதால் இரட்டைக் கிளவிபோல பபப, மமம, ததத. காது கேட்காத குழந்தைகளிடம் இந்தப் பருவம் தாமதித்தே வருகிறது. ஆக, தன் குரலைத் தானே கேட்பதும் விளையாட்டில் சேர்த்தி.

இங்கே குழந்தை எதையும் சொல்லவில்லை என்பதுதான் சங்கதி. சொல்கிறவர்கள் நாம்.

என் தங்கை மகன் ஏழு மாதத்தில் ஒரு சாயங்காலம் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு ‘பப்பபபா’ என்றான். அவன் அப்பா, ‘பாத்தியா, அப்பாவைத்தான் முதல்ல கூப்பிட்டான்’ என்று போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினார். என் அம்மா, ‘பாட்டின்னு சொல்ல வரான் மாப்ளே, டகரம் இன்னும் வரல’ என்றார். தங்கை, அவன் தன்னையே பாப்பா என்று சொல்லிக்கொள்கிறான் என்றாள். அவன் அடுத்ததாக மின்விசிறியைப் பார்த்து அதே ‘பப்பபபா’வைச் சொன்னான். மூன்று பேரும் மின்விசிறியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

உலகம் முழுக்க இதே வழக்குதான், தீர்ப்புதான் ஊருக்கு ஊர் வேறு. எல்லா வீட்டிலும் குழந்தை அதே நாலைந்து ஒலிகளை வாரி இறைக்கிறது. எல்லா வீட்டிலும் பக்கத்தில் இருக்கும் ஆட்கள் அதே நாலைந்து பேர். யாருக்கு எந்த ஒலி என்பது வீட்டுக்குள் நடக்கும் பாகப்பிரிவினை. பிரித்துக்கொண்ட பிறகு குழந்தைக்கே அதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லி, ‘அப்பா யாரு? அப்பா எங்கே?’ என்று சொல்லாக்கிவிடுகிறோம்.

அப்படியானால் மூக்கொலி ஏன் தாய்ப் பக்கம் சாய்கிறது? யாகப்ஸன் சொன்ன காரணம் பால். முலையில் வாய் வைத்திருக்கும் குழந்தையால் வாய் வழியாக ஒலி எழுப்ப முடியாது. மூக்கு வழியாக ஒரு ‘ம்ம்ம்’ மட்டும் வரும். பிறகு பாலைப் பார்த்தாலே, பால் வேண்டும் என்றாலே அந்த ‘ம்ம்ம்’ வரத் தொடங்கும். வாய் திறந்தால் அதுவே ‘மா’. பசிக்கும் சோற்றுக்கும் சோறு தருகிறவளுக்கும் ஒரே ஒலி. இதைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம் ‘மம்மு’. ‘மம்மு சாப்பிடறியா? மம்மம் வேணுமா?’ என்று தமிழ்நாட்டில் எந்தத் தாய்தான் கேட்கவில்லை? யாகப்ஸனுக்கு மம்மு தெரிந்திருந்தால் ஒரு அடிக்குறிப்பாவது போட்டிருப்பார். ஆனாலும் இந்த விளக்கம் கொஞ்சம் அளவுக்கு மீறி அழகாக இருக்கிறது என்பது என் சந்தேகம். ஜார்ஜியக் குழந்தையும் முலைப்பால்தான் குடிக்கிறது. பிட்ஜன்ட்ஜராக் குழந்தையும் அப்படியே. சாய்வுக்குக் காரணமாகப் பாலைச் சொல்லலாம், சட்டமாகச் சொல்ல முடியாது.

தமிழ் இந்தப் பாகப்பிரிவினையில் எவ்வளவு தாராளமாக நடந்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். உலகம் தாய்க்குக் கொடுத்த ‘மாமா’வை நாம் தாயின் தம்பிக்குக் கொடுத்தோம். உலகம் தகப்பனுக்குக் கொடுத்த ‘பாப்பா’வைக் குழந்தைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம். ‘தாதா’ போன்ற ஒலி பாட்டனுக்குப் போய்த் தாத்தா ஆயிற்று. ‘நானா’ தெலுங்கில் ‘நான்ன’ என்று தகப்பன், இந்தியில் தாய்வழித் தாத்தா, இலங்கை முஸ்லிம்களிடம் அண்ணன். ஒரு குழந்தை எந்த ஒலியை உருட்டினாலும் தமிழ்க் கூட்டுக் குடும்பத்தில் யாராவது ஒருவர் திரும்பிப் பார்ப்பார். அதுவும் போதாமல் கால் இடறினால் ‘அம்மா’, வேலை முடிந்தால் ‘அப்பாடா’, விலை கேட்டால் ‘அம்மாடி’.

கூப்பிட ஒரு சொல், எழுத ஒரு சொல் என்று இரண்டடுக்கு வைத்திருப்பதையும் கவனிக்க வேண்டும். வீட்டில் அப்பா, ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் தந்தை. சங்க காலத் தமிழ் அந்த இரண்டாம் அடுக்கில் இன்னும் நுணுக்கமாக இருந்தது: என் தாய் என்றால் யாய், உன் தாய் என்றால் ஞாய், அவர் தாய்க்குத்தான் தாய், அதேபோல எந்தை, நுந்தை, தந்தை. இதைக் குழந்தை உருட்டியிருக்க முடியாது. இது இலக்கணம் போட்ட சொல். கொரியனிலும் ‘அப்பா’வுக்கு மேலே மரியாதையாக ‘அபொஜி’ இருக்கிறது, ‘ஒம்மா’வுக்கு மேலே ‘ஒமொனி’. ஃபார்வர்ட் எழுதுகிறவர் அந்த மேலடுக்கை எடுத்துக்கொள்வதே இல்லை, அங்கே ஒப்புமை ஒழுகிப்போய்விடும் என்பதால்.

‘அத்தா’ என்று இன்னொரு சொல். எனக்கு இதுதான் கூட்டத்திலேயே பிடித்தது. தமிழ் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் தகப்பன் அத்தா. ராவுத்தர்களுக்கு இது துருக்கியிலிருந்து வந்தது, துருக்கியில் ‘அதா’ என்றால் தந்தை என்று பெருமையாகச் சொல்வார்கள். துருக்கியில் அப்படித்தான் என்பது உண்மை. 1934இல் முஸ்தபா கமாலுக்குக் கொடுத்த குடும்பப் பெயர் அத்தாதுர்க் என்பதில் இருப்பது அந்த அதாவேதான். ஆனால் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே சுந்தரர் திருவெண்ணெய்நல்லூரில் பாடிய முதல் பதிகத்தில் சிவனை அத்தா என்றுதான் கூப்பிடுகிறார். தேவாரம் முழுக்க அத்தன், அத்தன். இதற்கும் முன்னால், 4ஆம் நூற்றாண்டில், உல்ஃபிலா பாதிரியார் பைபிளைக் காத்திக் மொழியில் பெயர்த்தபோது பரமண்டலத்துப் பிதாவுக்குப் போட்ட சொல் ‘அத்தா’. ஹூணர் தலைவன் அத்திலாவின் பெயரே காத்திக்கில் ‘சின்ன அத்தா’ என்றுதான் பலரும் பொருள் சொல்கிறார்கள். அதற்கும் முன்னால், கிறிஸ்துவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் முன்பு, ஹிட்டைட் களிமண் பலகைகளில் தந்தைக்கு ‘அத்தாஸ்’. இத்தனைக்கும் ஒரே கப்பல் ஓட்ட முடியுமா? ஓட்டவும் தேவையில்லை. நாக்கு நுனி இருக்கிற இடத்திலெல்லாம் அத்தா விளையும்.

பைபிள் என்றதும் இன்னொன்று. தமிழ் பைபிளில் இயேசு கெத்செமனே தோட்டத்தில் ‘அப்பா பிதாவே’ என்று வேண்டுகிறார். தமிழ்க் காதில் இது சாதாரணமாக விழும்: அப்பா என்று பாசமாக ஒரு தரம், பிதா என்று மரியாதையாக ஒரு தரம். உண்மையில் அந்த ‘அப்பா’ மொழிபெயர்ப்பே இல்லை. இயேசு பேசிய அரமேய மொழியின் ‘அப்பா’ அது. கிரேக்க மூலத்தில் அப்படியே விட்டுவைத்ததைத் தமிழிலும் அப்படியே விட்டுவைத்தார்கள். மொழிபெயர்க்காமல் விட்டதும் மொழிபெயர்த்ததும் ஒன்றாகிப்போன இப்படிப்பட்ட இடம் மொழிபெயர்ப்பாளன் வாழ்க்கையில் அடிக்கடி வாய்க்காது. இதே அரமேயச் சொல்தான் லத்தீன் வழியாக ஐரோப்பிய மடத்துத் தலைவர்களுக்கு ‘அபட்’ என்ற பட்டமாகவும் ஆயிற்று.

சரி, ஒரு எதிர்வாதம் வரும், வர வேண்டும். ஆதி மனிதனுக்கு ஒரே மொழி இருந்திருக்கலாமே, அதில் அப்பா, மாமா என்று சொற்கள் இருந்து, அவை மட்டும் அழியாமல் எல்லா மொழிக்கும் வந்து சேர்ந்திருக்கலாமே? பியர் பான்செல், அலன் மத்தே த லெத்தாங் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார்கள். ‘காக்கா’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு உலகம் சுற்றிக் காட்டுகிறார்கள். மராத்தியில் காகா சித்தப்பா, நம் கடற்கரை முஸ்லிம்களிடம் காக்கா அண்ணன், இப்படி நீளும் பட்டியல்.

இதற்கு இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த லாரி டிராஸ்க் ஒரு பதில் எழுதினார், 2004இல் தான் இறப்பதற்குச் சற்று முன்பு. எளிமையான பதில்தான்: சொல் என்றால் தேயும். ஐம்பதாயிரம் ஆண்டு ஓடிவந்த சொல் தேயாமல் இருக்காது. எல்லாச் சொல்லையும் அரைத்துத் தள்ளிய ஒலிமாற்றங்கள் அப்பாவையும் மாமாவையும் மட்டும் தொடாமல் விட்டிருக்குமா? இவை புத்தம்புதிதாக இருக்கின்றன என்பதே இவை பழசில்லை என்பதற்கு ஆதாரம். ஒவ்வொரு தலைமுறைக் குழந்தையும் மறுபடி அச்சடித்துக் கொடுப்பதால்தான் இந்த நாணயம் தேய்ந்த மாதிரி தெரிவதில்லை.

தேய்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஜப்பானியத்தில் ஒரு விடுகதை இருக்கிறது. பின்னாளில் பேரரசரான கோ-நாரா தொகுத்தது என்று சொல்லப்படும், 1516 என்று தேதியிட்ட, விடுகதைத் தொகுப்பில் வருகிறது. அம்மாவிடம் போனால் இரண்டு தரம் சந்திக்குமாம், அப்பாவிடம் போனால் ஒரு தரம்கூடச் சந்திக்காதாம், அது என்ன? விடை: உதடு. இன்றைய ஜப்பானியரிடம் கேட்டால் முழிப்பார். இன்று தாய்க்கு ‘ஹஹா’, தந்தைக்கு ‘சிச்சி’. எதிலும் உதடு சேராது. விடுகதை பிறந்த காலத்தில் தாயைச் சொல்ல உதடு இரண்டு தரம் சேர்ந்திருக்க வேண்டும். அன்று ஹஹாவின் ஒலி ‘ஃபஃபா’வுக்கு நெருக்கம். அதற்கும் முன்னால் அது ‘பப்பா’. ஆமாம், பழைய ஜப்பானில் பப்பா என்றால் அம்மா, துளுக்காரர்களுக்குக் கூட்டாளி. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய உச்சரிப்பை ஒலிப்பதிவுக் கருவி இல்லாமல் ஒரு விடுகதை பத்திரப்படுத்தியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கும்.

பகரம் ஹகரமாவது நமக்குப் புதிதல்ல. பெங்களூரு போனவர்கள் எல்லாருக்கும் தெரியும்: பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து, பல் ஹல்லு. கன்னடம் சொல்லின் முதலில் வரும் பகரத்தை இப்படித் தேய்த்தது. ஜப்பானியம் இன்னும் மேலே போனது. தேய்ந்து தேய்ந்து தாய்க்கான சொல் வெறும் மூச்சாகிப் போன பிறகு அங்கே குழந்தைகள் சும்மா இருந்தனவா? இன்றைய ஜப்பானியக் குழந்தை வீட்டில் கூப்பிடுவது ‘மாமா’, ‘பாப்பா’. மேற்கிலிருந்து வந்த சொற்கள்தாம், ஆனால் குழந்தை வாய்க்குச் சொல்லிக்கொடுக்கத் தேவைப்பட்டிருக்காது.

ஒத்த ஒலி கிடைத்துவிட்டால் ஆட்டம் போட வேண்டாம் என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் ஒன்று உண்டு. 1960களில் ஆர். எம். டபிள்யூ. டிக்ஸன் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் அழிந்துகொண்டிருந்த மபாபரம் என்ற மொழியைத் தெரிந்தவர்களைத் தேடி அலைந்தார். கடைசியில் கிடைத்த ஒரு முதியவர், நாய்க்குத் தங்கள் மொழியில் ‘டாக்’ என்றார். ஆங்கில டாக்கேதான், ஒலியும் பொருளும். வெள்ளைக்காரனிடம் வாங்கிய சொல் என்று யாரும் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். டிக்ஸன் அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்தார். யிடின் மொழியில் நாய் ‘குடகா’. மபாபரம் தன் எல்லாச் சொற்களிலும் முதல் எழுத்தை வெட்டிவிடும். ககரத்தில் தொடங்கிய சொல்லென்றால் அடுத்து வரும் அகரத்தை ஒகரமாக்கும். குடகாவுக்கு இந்த விதிகளைப் போட்டால் மிஞ்சுவது டாக். முழுக்க முழுக்க தற்செயல்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஆர்மீனியன். அங்கே இரண்டு என்பதற்கு ‘எர்கு’. ஆங்கில ‘டூ’வுக்கும் சமஸ்கிருத ‘த்வி’க்கும் இதற்கும் ஒரு எழுத்துக்கூட ஒத்துப்போகாது. ஆனாலும் மூன்றும் உடன்பிறப்பு என்று ஆண்ட்வான் மெய்யே நிறுவினார். பழைய ‘த்வ’ ஆர்மீனியனில் எர்க் ஆவது வேறு சொற்களிலும் ஒழுங்காக நடக்கிறது. எர்கு என்றதும் ‘இரு’ என்று நமக்குக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். உறவுக்கு அடையாளம் முகச்சாயல் இல்லை, மாறின விதத்தில் இருக்கும் ஒழுங்கு. நம் பாலும் கன்னட ஹாலும் உறவு என்று நம்புவது ஒரு சொல்லை வைத்தல்ல; பத்தும் புலியும் பல்லும் வரிசையாக அதே வழியில் போகின்றன என்பதை வைத்து.

குழந்தை சம்பந்தமே இல்லாத ஒரு குட்டிச் சொல்லும் இப்படி உலகம் சுற்றியிருக்கிறது. காதில் சரியாக விழாவிட்டால் நாம் ‘ஆங்?’ என்போமே, அது. நெதர்லாந்தில் நைமேகன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மார்க் டிங்கெமான்ஸேயும் மேலும் இருவரும் சேர்ந்து 2013இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஐஸ்லாந்து, கானா, ஈக்வடார், லாவோஸ் என்று வெவ்வேறு மூலையிலிருந்து பத்து மொழிகளின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தால் எங்கும் அதே ‘ஹா?’, ‘ஏ?’, ‘ஆ?’. பேச்சு நடுவில் அவசரமாக ஒரு கேள்வி போட வேண்டும், யோசிக்க நேரமில்லை, நாக்கை நகர்த்தவும் நேரமில்லை. வாய் இருந்தபடி திறந்து குரலை ஏற்றினால் வருவது அதுதான். 2015இல் இதற்கு இக்நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குத் தருகிற பரிசு.

இனி, உதடே இல்லாத மொழியில் என்ன செய்வார்கள்? விளையாட்டுக் கேள்வி இல்லை. வட அமெரிக்காவில் ப, ம இரண்டுமே இல்லாத மொழிகள் இருக்கின்றன. லாஹோன்டான் என்ற பிரெஞ்சுப் பிரபு கனடாவில் ஹியூரான் மக்களோடு பழகி 1703இல் எழுதிய நூலில், அவர்களில் ஒருவருக்கு உதட்டு எழுத்துகளை உச்சரிக்கச் சொல்லிக்கொடுக்க நான்கு நாள் போராடிய கதை வருகிறது. ஒன்றும் நடக்கவில்லை. பேசுவதற்காக வாயை மூடுவதா, இதென்ன கோமாளித்தனம் என்பது ஹியூரான் தரப்பு. அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறதா இல்லையா?

அதே குடும்பத்து மோஹாக் மொழியில் அம்மா ‘இஸ்தா’. அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் பேசப்படும் டிலிங்கிட்டிலும் உதட்டெழுத்து கிடையாது. அங்கே அம்மா ‘த்லா’, அப்பா ‘ஈஷ்’. மாமா–பாப்பா வரைபடத்தில் இவர்கள் சேரவே மாட்டார்கள். பாலும் அழுகையும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தும், ஊர் ஏற்றுக்கொண்ட ஒலிகளுக்குள்ளேதான் பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. ஈஷ் என்ற தந்தையை நம் ஈசனோடு முடிச்சுப் போட்டு ஃபார்வர்ட் எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை. இதை எழுதித் தொலைத்துவிட்டேன், இனிமேல் வரும்.